பத்துக் குளிசைகள்

மாரியின் முதல் மழை விழுந்த மூன்றாம் நாள்
சம்மாந்துறைக்கு மேற்கே, புளியடி வட்டைக்குப் போனேன்.
மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் சாய்த்துவிட்டு,
ரெஜிஸ்டரைப் பொலித்தீனில் சுற்றி
வரம்பு வழுக்க வழுக்க.

அன்று நாற்பத்தொரு பேர்.
சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து
ஒப்பமிட்டார்கள்.
கடைசி ஒப்பம் கலந்தர்லெவ்வையுடையது.
முல்லைக்காரர், வயது ஐம்பத்திரண்டு,
இடது குதிகாலில்
ஒரு ரூபாய்க் குற்றி செருகலாம் போல வெடிப்பு.

"எலி கடிச்சாத்தானே சேர் எலிக்காச்சல்?"

கடிக்கவே தேவையில்லை என்றேன்.
ராவில் வரம்போரம் ஓடுகிற எலி
மூத்திரம் பெய்துவிட்டுப் போனால் போதும்.
மாடு பெய்தாலும் வரும்.
தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது,
அது எப்போதும்போல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.
இந்த வெடிப்புத்தான் அதற்கு வாசல்.

"பூட்ட ஏலாத வாசலாச்சே" என்று சிரித்தார்.

கிழமைக்கு ஒருக்கா, ரெண்டும் ஒண்டா.
ஆறு கிழமைக்குப் பன்னிரண்டு.
எண்ணிக் கையில் வைத்தேன்.
மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.
எனக்கு இன்னும் இரண்டு வட்டை இருந்தது.

மூன்றாம் கிழமை அவருக்குக் காய்ச்சல்.
நனைந்ததால் என்றார்.
கெண்டைக்கால் தொடமுடியாமல் நொந்தது.
சேறு மிதித்தவனுக்கு நோகாதா என்றார்.
கண் சிவந்தது. வாடிக்குள் நுளம்புக்குப் போட்ட புகை.
சலம் குறைந்தது,
கோப்பித் தண்ணிபோல் கறுத்தது.
வயலில் நின்றால் தண்ணி குடிக்க எங்கே நேரம்?
எல்லாவற்றுக்கும் அவரிடம்
ஒரு நியாயம் இருந்தது; எல்லாம் நல்ல நியாயம்.
மூன்று நாள் பனடோல்.
நான்காம் நாள் ஆட்டோவில் ஏற்றினார்கள்.
மட்டக்களப்புக்கு அனுப்பியபோது
சிறுநீரகம் இரண்டும் நின்றிருந்தன.

விசாரணைப் படிவத்தோடு வீட்டுக்குப் போனேன்.
றகுமத்தும்மா இத்தாவில் இருந்தா.
திரைச்சீலைக்கு அந்தப்பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.
வேலை என்ன, எத்தனை நாள் காய்ச்சல்,
கிணறா குழாயா, மருந்து எடுத்தாரா.
கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை.
சின்ன மகள் றிஸ்மியா திரையை விலக்கி வந்து
ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

பத்து.

"முதல் கிழமை சுபஹுக்கு எழும்பி
வெறும் வயித்தில போட்டார் சேர்.
நெஞ்செரிஞ்சு சத்தி எடுத்தார்.
அதோட வெச்சிட்டார்.
வேற ஆருக்கும் உதவுமா எண்டு எடுத்து வெச்சன்."

உதவாது, என்றேன்.
ஆள் மாறிக் கொடுக்கிற குளிசை இல்லை இது.
வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கும்
சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது.
சொல்லவேண்டியதை எல்லாம்
ஒன்றுவிடாமல், திரைச்சீலைக்குச் சொன்னேன்.

எலி சொன்னேன், மாடு சொன்னேன், குதிகால் சொன்னேன்,
ரெண்டும் ஒண்டா என்று விரலைக் காட்டினேன்.
சாப்பிட்ட பிறகு என்று சொன்னேனா?
நிறையத் தண்ணீரோடு, உடனே படுக்காமல்?
ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தேன்.
பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது.
சொன்னதற்கும் சொல்லாததற்கும்
அதில் கட்டம் இல்லை.

இந்த மாரிக்கும் வந்திருக்கிறேன்.
வாய்க்கால் கட்டு, அதே வழுக்கல்.
பொலித்தீனை அவிழ்க்கும் முன்னமே கேட்கிறேன்:
சாப்பிட்டாச்சா?
உபசாரம் என்று நினைக்கிறார்கள்.
"நாங்க ஆச்சு. நீங்க சேர்? வாங்க, சோத்துப்பார்சல் இருக்கு."
இல்லை, இது மருந்தோடு சேர்ந்த கேள்வி என்கிறேன்.
பிறகுதான் எலி. பிறகுதான் எண்ணிக்கை.
காய்ச்சலோடு கெண்டைக்கால் நொந்தால்
நியாயம் தேடாமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி,
வயல்காரன் என்று முதலில் சொல்லுங்கள்.

பின்னால் ஒருவர் கை உயர்த்துகிறார்.
இன்னும் சாப்பிடவில்லையாம்.
வரம்பில் குந்தி அவர் பார்சலை அவிழ்க்க
நான் பக்கத்தில் நிற்கிறேன்.
மேற்கே கறுக்கிறது.
வரட்டும்.